பேப்பர் இல்லாத வாழ்க்கை: பொய் சொல்லாம பிழைக்க முடியுமா?

போன எபிசோடுக்கு நிறைய பேர் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க, நன்றி. அதுல ஒரு மெசேஜைப் பற்றித்தான் இன்னிக்கு முழுக்கப் பேசப் போறேன். அனுப்பின தம்பியோட சம்மதத்தோடதான் பேசுறேன். பேரும் அடையாளமும் சொல்லல.

அவர் எழுதினது சுருக்கமா இதுதான். "அண்ணே, நான் வெம்பக்கோட்டைப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்ல 2003-ல பிறந்தேன். பி.காம் முடிச்சிட்டு பெயிண்டிங் வேலைக்குப் போறேன். வெளிநாட்டுல ஒரு வேலை இருக்கு, ஆனா பாஸ்போர்ட் இல்ல. ஒருத்தர், அப்பா அம்மா இந்தியர்னு பேப்பர் ரெடி பண்ணி பாஸ்போர்ட் எடுத்துத் தர்றேன்னு சொல்றார். நான் பிறந்த மண்ணு இதுதானே? இதுல என்ன பொய் இருக்கு? கர்த்தர் இதைப் பாவம்னு சொல்வாரா?"

சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்து கேட்கிற நம்மில் பலருக்கு இந்தக் கேள்வியே புதுசா இருக்கலாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுல வந்து, மண்டபத்துல பதிவு பண்ணி, தமிழ்நாடு முழுக்க நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள்ல குடியமர்ந்தவங்க இவங்க. விருதுநகர் மாவட்டத்துல கண்டியாபுரம், ஆனைக்குட்டம், குல்லூர்சந்தைன்னு பல முகாம் இருக்கு. 2021-ல தமிழக அரசு 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு, புது வீடுகளும் அறிவிச்சுது. ஆனா குடியுரிமை மாநில அரசு கையில இல்ல. பாஸ்போர்ட் விசா இல்லாம வந்தவங்களை, 2003-ல திருத்தின குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி'ன்னு சொல்லுது. 2019 திருத்தச் சட்டத்துலயும் இலங்கை சேர்க்கப்படல. அரசாங்கமே பதிவு பண்ணி, மாசாமாசம் செக்கிங் வச்சு, உதவித்தொகையும் கொடுக்குது. ஆனா காகிதத்துல அவங்க சட்டவிரோதம்.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உன் தாத்தா பாட்டி பேப்பர் இல்லாம கடல் தாண்டி வந்தது பாவம் இல்ல. மத்தேயு இரண்டாம் அதிகாரத்துல யோசேப்பு ராத்திரியோட ராத்திரியா குழந்தையையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்கு ஓடினார். ஏரோதுகிட்ட அனுமதி வாங்கிட்டுப் போகல. நம்ம ஆண்டவரே குழந்தையில அகதியா இருந்தவர். அதனால குற்ற உணர்ச்சியோட தலை குனிஞ்சு நடக்காதே.

அடுத்தது உன் கேள்வி. எகிப்துல மருத்துவச்சிகள் பார்வோன்கிட்ட உண்மையை மறைச்சாங்க, ராகாப் வேவுகாரரை ஒளிச்சு வச்சா. அங்கெல்லாம் ஒரு உயிர் அந்த நிமிஷம் போயிடும்ங்கிற நிலைமை. உன் நிலைமை கஷ்டம்தான், ஆனா அது இல்ல. நீ சொல்லப் போற பொய்யில உன் அப்பா அம்மா பேரை அழிச்சிட்டு வேற யாரோ ரெண்டு பேரை எழுதணும், இல்லன்னா அவங்க பிறந்த ஊரை அழிக்கணும். கடல் தாண்டி வந்தவங்க பிள்ளைங்க அவங்க. 'தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு'ங்கிறது இங்க வெறும் வாய்ப்பாடா இருக்க முடியாது.

"பாஸ்போர்ட் வச்சிருக்கிற நீங்க சுலபமா சொல்லிடுவீங்க"ன்னு நீ நினைக்கலாம். நியாயம்தான். அதனால வெறுமனே 'பொறுமையா இரு, ஜெபம் பண்ணு'ன்னு முடிக்க மாட்டேன். ஞானம்னா விவரம் தெரிஞ்சுக்கிறதும்தான்.

உன் மெசேஜ்ல ஒரு முக்கியமான விஷயம் இல்ல. உன் அம்மா எங்க, எந்த வருஷம் பிறந்தாங்க? அப்பா? ஏன் கேக்குறேன்னா, சட்டத்துல இப்படி இருக்கு: 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூன் 30 வரை இந்தியாவுல பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரா இருந்தாலும் பிறப்பால இந்தியக் குடிமகன். அதுக்கப்புறம் 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடி வரை பிறந்தவருக்கு, பெற்றோர்ல ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தா போதும். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது இந்த அடிப்படையிலதான்.

இப்ப யோசி. உன் அம்மா 1984-ல மண்டபத்துல பிறந்திருந்தா? 2003-ல பிறந்த நீயும் குடிமகன்னு கேட்க வழி இருக்கு. அந்தப் பொய் எதைத் தர்றேன்னு சொல்லுதோ, அதை உண்மையே தரலாம். ஆனா பொய்ப் பேப்பர் ஒருதடவை பதிவாயிட்டா, அப்புறம் நீ உண்மையைக் கொண்டு போனாலும் உன்னை யார் நம்புவா? பாஸ்போர்ட்டுக்குப் பொய்த் தகவல் கொடுக்கிறதே 1967 சட்டப்படி குற்றம். ஏஜெண்ட் காசை வாங்கிட்டுப் போயிடுவார், வழக்கு உன் பேர்ல இருக்கும்.

ஒருவேளை அம்மா யாழ்ப்பாணத்துல பிறந்திருந்தா இந்த வழி இல்ல, அதையும் மறைக்க மாட்டேன். அப்பவும் இலங்கைக் குடியுரிமையைப் பதிவு பண்ணி, சென்னையில இருக்கிற துணைத் தூதரகம் மூலமா கடவுச்சீட்டு கேட்கலாம். தாத்தா மலையகத் தோட்டத்து ஆளா இருந்தா, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துப் பேப்பர் ஏதாவது வீட்டுல இருக்கான்னு தேடு.

எரேமியா 32 படிச்சிருக்கீங்களா? பாபிலோன் படை ஊரை முற்றுகை போட்டிருக்கு, எரேமியா காவல்ல இருக்கார். அந்த நேரத்துல ஆனதோத்துல ஒரு நிலத்தை வாங்கி, கிரயப் பத்திரத்தை மண்பாண்டத்துல போட்டு ரொம்ப நாள் கெடாம வைக்கச் சொல்றார். கர்த்தர் மேல நம்பிக்கை இருக்கிறவர் பத்திரத்தைப் பத்திரமா வைக்கிறார். உங்க வெம்பக்கோட்டையில தோண்டத் தோண்ட மண்பாண்டம் வருது, உங்களுக்கு இது நல்லாவே புரியும். முகாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, டி.சி., மண்டபத்துல பதிவான தாள், எல்லாத்தையும் பிளாஸ்டிக் உறையில போட்டு வை, ஸ்கேன் எடுத்து நம்பகமான ஒருத்தர்கிட்டயும் கொடு. செக்கிங்கைத் தவற விடாதே. ஆதார் இருந்தா அதைக் குடியுரிமைச் சான்றுன்னு நினைச்சிடாதே. வாக்காளர் அட்டை எடுத்துத் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லு.

2025 செப்டம்பர் 1-ல புதுக் குடிவரவுச் சட்டம் வந்தப்போ, 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சம் புகுந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா விஷயத்துல விலக்கு கொடுத்திருக்காங்க. குடியுரிமை கிடைக்கல. ஆனா 'பதிவு'ங்கிற அந்த ஒரு வார்த்தைதான் உன்னைக் காப்பாத்துது. அதைப் பொய்யால கெடுத்துக்காதே.

படகு ஏஜெண்ட் வந்தா காதே கொடுக்காதே. 2013 ஜூலையிலேயே ஆஸ்திரேலியா, படகுல வர்றவங்களை அங்க குடியமர்த்த மாட்டோம்னு சொல்லிடுச்சு. பட்டாசு ஆலையில வேலைன்னாலும் ரிஜிஸ்டர்ல உன் பேர் இருக்கான்னு பாரு. உள்குத்தகை எடுத்தவர்கிட்ட கணக்குல வராம வேலை பார்த்தா, விபத்து நடந்த பிறகு 'இவர் இங்கதான் வேலை பார்த்தார்'னு நிரூபிக்கவே குடும்பம் அலைய வேண்டியிருக்கும். 2021 பிப்ரவரியில அச்சங்குளத்துல இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனதை நாம மறக்கல.

உரிமை கேட்கிறது விசுவாசக் குறைவு இல்ல. செலொப்பியாத்தின் மகள்கள் மோசே முன்னாடி நின்னு தங்கள் பங்கைக் கேட்டாங்க, கர்த்தர் அவங்க பக்கம் பேசினார். பவுலைச் சாட்டையால அடிக்கக் கட்டினப்போ, 'ரோமனை விசாரிக்காம அடிக்கலாமா?'ன்னு கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க இலவச சட்ட உதவி கேளு. 1984-லிருந்து ஈழ அகதிகளுக்காகவே வேலை செய்யற ஓஃபர் அமைப்பு இருக்கு. அம்மாவோட பிறப்புச் சான்றோட போ.

கடைசியா நமக்கு, அதாவது பாஸ்போர்ட் உள்ளவங்களுக்கு. லேவியராகமம் 19-ல அந்நியனை உன்னைப் போல நேசின்னு சொன்னது அந்நியனுக்கு இல்ல, ஊர்க்காரனுக்கு. உங்க சபையில முகாம்ல இருந்து வர்ற தம்பி தங்கச்சி இருந்தா, 'ஜெபிக்கிறேன்பா'ன்னு சொல்லிட்டு நிக்காதீங்க. லீவு போட்டு ஒருநாள் வக்கீல்கிட்ட கூடப் போங்க. வீடு வாடகைக்குக் கொடுங்க. வேலை கொடுத்தா கணக்குல எழுதிக் கொடுங்க. நாம இதைச் செய்யாம, அவரைப் பார்த்துப் பொய் சொல்லாதேன்னு மட்டும் சொன்னா அது பரிசேயத்தனம்.

ஒரு சின்ன ஜெபம். ஆண்டவரே, எகிப்துல அந்நியரா இருந்தவரே, இந்தத் தம்பிக்கு உண்மையிலேயே ஒரு வழியைத் திறந்து கொடும். அவரோட நடக்க எங்களுக்கும் கால் கொடும். ஆமென்.

தம்பி, அம்மாகிட்ட கேட்டுட்டு மெசேஜ் போடு. காத்திருக்கேன்.