காஷ்மீரத்தில் முன்பனிக் காலம்



கார்த்திகை பிறந்ததும் டில்லியில் வாழும் தமிழர் இல்லங்களில் பெட்டிக்குள் கிடந்த கம்பளிச் சட்டைகள் வெயிலுக்கு வருகின்றன. "இங்கே பனி தொடங்கிவிட்டது" என்று ஊரிலுள்ள உறவினரிடம் சொல்லுகிறோம். அவர்கள் புல் நுனியில் நிற்கும் துளியை நினைத்துக்கொண்டு, குழந்தைகளின் காதை மூடிவைக்கும்படி அறிவுரை கூறுகிறார்கள். துளிக்கும், மூடுபனிக்கும், இமயத்தில் குவிந்து கிடக்கும் வெள்ளைப் பொருளுக்கும் தமிழில் பனி என்னும் ஒரே சொல் பொதுவாக நிற்பதால் விளையும் மயக்கம் இது. தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு பனியின் பெயரையே தாங்கியவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆயினும் தமிழ்நாட்டுப் பனி வெயில் ஏறினால் மறைந்துவிடும். உதகையில் படியும் உறைபனிக்கும் ஆயுள் முற்பகல் வரைதான். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, முழங்கால் அளவு குவிந்து, வாரக் கணக்கில் கிடக்கும் பனியைக் காஷ்மீர மக்கள் ‘ஷீன்’ என்கின்றனர். அதனை வெண்பனி என்று இப்பேச்சில் குறிப்போம்.

காஷ்மீரப் பள்ளத்தாக்கு ஓர் ஏரி நாடு. ஸ்ரீநகரில் டால் ஏரியும் நகீன் ஏரியும், அதற்கு அப்பால் மானஸ்பல்லும், இன்னும் வடக்கே பரந்த ஊலர் ஏரியும் உள்ளன. பள்ளத்தாக்கு முழுவதுமே ஒரு காலத்தில் சதீசரஸ் என்ற பேரேரியாக இருந்ததென்று நீலமத புராணம் கூறுகிறது. நிலவியல் அறிஞரும் பண்டைய ஏரி படிவித்த மண்மேடுகளை அங்கே கண்டிருக்கின்றனர். கரேவா எனப்படும் அந்த மேடுகளில்தான் இன்று பாம்பூர்க் குங்குமப்பூவும், பாதாமும், ஆப்பிளும் விளைகின்றன. குளிர்காலத்து ஆறு மாதமும் அந்நாடு பிசாசர் வசம் இருந்தது, மனிதர் சித்திரையில்தான் திரும்பி வந்தனர் என்பதும் அப்புராணத்தின் கதை. பிறகு மனிதர் ஆண்டு முழுவதும் தங்கும் வரம் பெற்றனராம். முதல் வெண்பனி விழும் நாளை விழாவாகக் கொண்டாடும் முறையையும் அந்நூல் விதிக்கிறது. இன்றும் முதல் பனியன்று ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறுவர். துணியில் சுற்றிய பனிக் கட்டியை மற்றவர் அறியாமல் அவர் கையில் கொடுத்துவிட்டால், ஏமாந்தவர் விருந்து வைக்க வேண்டும் என்ற வேடிக்கையும் உண்டு.

இப்பனியைக் கொணர்வது நம் ஊருக்கு ஐப்பசி மழையைத் தரும் வடகிழக்குப் பருவக்காற்று அன்று. மத்தியதரைக் கடற்பகுதியில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழல்களே அதற்குக் காரணம். வானிலை ஆய்வாளர் இவற்றை மேற்கத்திய இடையூறு என்பர். பெயர் சற்றுப் பொருந்தாதது. பஞ்சாபின் கோதுமைக்கு உயிர் கொடுக்கும் குளிர்கால மழையும் இவற்றால்தான் கிடைக்கிறது. மலைமீது ஏறும்போது காற்றின் ஈரம் வெண்பனியாக உறைந்து விழுகிறது. சுழல் கடந்து வானம் தெளிந்தபின் வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று சமவெளியில் இறங்கி, ஓரிரு நாளில் டில்லியை நடுங்க வைக்கிறது.

மார்கழியிலும் தையிலும் வரவேண்டிய இப்பனி சில ஆண்டுகளில் ஐப்பசியிலேயே வந்துவிடுகிறது. காண்பவர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி; தோட்டக்காரருக்குப் பேரிடி. இந்தியாவில் விளையும் ஆப்பிளில் மிகப் பெரும் பங்கு காஷ்மீரத்தினுடையது. பறிப்பு ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் இறுதிவரை, சில வகைகளுக்கு அதற்கு அப்பாலும் நடைபெறும். பழம் பறித்த பிறகும் மரம் உடனே இலையுதிர்ப்பதில்லை. நவம்பர் பிற்பகுதிவரை இலை நிற்கும். இலையற்ற கிளையில் வெண்பனி தங்க இடம் குறைவு. இலை நிறைந்த மரமோ விரித்த குடைபோல் அதனைத் தாங்கிக்கொள்ளும். மேலும், கடுங்குளிரில் விழும் பனி உலர்ந்து இலேசாக இருக்கும். முந்தி வரும் பனியோ பாதி உருகிய ஈரப்பனி. புதிய உலர்பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருந்தால், ஈரப்பனி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். ஒரே இரவில் கிளைகள் முறியும். சில மரங்கள் கவையிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்துவிடும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் இவ்வாறு நேர்ந்தது. அந்தக் காயம் ஆறுமுன், 2019 நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் நேர்ந்தது. இரண்டாம் முறை துன்பம் மிகுதி. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நிலவிய முடக்கத்தால் பறிப்பும் ஏற்றுமதியும் தாமதப்பட்டு, பல தோட்டங்களில் பழம் மரத்திலேயே இருந்தது. பழத்தின் பாரம், இலையின் பாரம், இவற்றின்மேல் பனியின் பாரம்! ஜம்மு செல்லும் நெடுஞ்சாலையும் அடைபட்டதால் ஏற்றிய பழமும் வழியில் நின்றது.

தஞ்சைப் பக்கத்து நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தை மாதம் முற்றிய சம்பாக் கதிரின்மேல் மழை கொட்டினால் வயலில் நிற்பவர் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர்கள் அறிவர். ஆனால் ஒரு வேறுபாடு. நெல் சாய்ந்தால் ஓராண்டு உழைப்புப் போயிற்று. அடுத்த ஆண்டு மீண்டும் நாற்று விடலாம். பழைய முறையில் வளர்க்கும் ஆப்பிள் மரமோ காய்க்கத் தொடங்கவே ஏழெட்டு ஆண்டுகள் வேண்டும். முழுப் பலன் தரப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். தந்தை நட்டு மகன் பறிக்கும் மரம் அது. எனவேதான் முந்திய பனி விழும் இரவில் குடும்பமே கழிகளோடு தோட்டத்திற்குச் சென்று, கிளை கிளையாக உலுக்கிப் பனியை உதிர்க்கிறது. பிளந்த கவைகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, காயத்தில் மருந்துப் பசை பூசி, வசந்தத்தில் தளிர்க்கிறதா என்று காத்திருக்கின்றனர்.

இத்தனைக்கும் அந்நாட்களில் டால் ஏரி உறைவதில்லை. கரையெல்லாம் வெண்மை போர்த்திருக்க, நீர் மட்டும் கருமையாக அசைந்துகொண்டிருக்கும். மிதக்கும் காய்கறிச் சந்தையின் படகுகள் விடியலில் வழக்கம்போல் வந்து கூடும். நீர் நான்கு பாகைச் சூட்டில்தான் மிகக் கனமாக இருக்கும். ஏரி நீர் மேலிருந்து கீழ்வரை அந்த நிலைக்குக் குளிர்ந்த பின்னரே மேற்பரப்பு உறையத் தொடங்கும். அதற்கு நீடித்த கடுங்குளிர் வேண்டும். அக்குளிருக்குக் காஷ்மீரத்தார் கணக்கு வைத்திருக்கின்றனர். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் ‘சில்லை கலான்’ என்னும் பெருங்குளிர். பிறகு இருபது நாள் ‘சில்லை குர்த்’ என்னும் சிறு குளிர். கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’ என்னும் குளிர்க்குஞ்சு. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று படிப்படியாக எண்ணிய நம் முன்னோருக்கு இக்கணக்குப் பிடித்திருக்கும். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 8.8 பாகைவரை இறங்கியது. டால் ஏரியின்மீது மக்கள் நடந்தனர்.

இந்நாட்களுக்காகக் கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய் ஆகியவற்றைக் கோடையிலேயே உலர்த்தி வைப்பது அங்கு இல்லத்தரசிகளின் வழக்கம். நம் வற்றலுக்கு அண்ணன் முறை. பெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்க்ரி என்ற கணப்புச் சட்டியை வைத்துக்கொள்வர். பிரம்புக் கூடைக்குள் மண்கலம், அதனுள் சினார்ச் சருகுக் கரியின் தணல்.

பெருங்குளிரில் விழும் வெண்பனியை எவரும் வெறுப்பதில்லை. அது இறுகி மலைமேல் தங்கி, கோடையில் ஓடையாக இறங்கி, ஜூன் மாத நெல் நடவுக்கு நீராகிறது. காஷ்மீரத்தாருக்கும் நம்மைப் போலச் சோறே உணவு. 2024 ஜனவரியில் வாரக் கணக்கில் பனி விழாமல் குல்மார்க் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தபோது, பள்ளத்தாக்கில் மழைவேண்டித் தொழுததுபோல் பனிவேண்டித் தொழுதார்கள்.

டில்லி ஆசாத்பூர்ச் சந்தைக்கு வரும் ஆப்பிள் பெட்டிகளுக்கு நெடுங்காலம் மலைச் சாலை ஒன்றே வழியாக இருந்தது. 2025 செப்டம்பரில் பட்காமிலிருந்து டில்லி ஆதர்ச நகர் நிலையத்துக்குப் பழம் ஏற்றிய ரயில்கள் ஓடத் தொடங்கின. சாலை அடைபடும் நாட்களில் இது ஒரு துணை. ஆனால் இலையோடு நிற்கும் மரத்தின்மேல் விழும் பனியை ரயில் என்ன செய்ய முடியும்?

மார்கழியில் நம் தெருக்களில் சால்வை மூட்டையுடன் காஷ்மீர வணிகர் வருவர். அவர்களுள் சொந்த ஊரில் சிறு தோட்டம் உடையவர் பலர் உண்டு. விலை பேசுமுன், "இம்முறை பனி வருவதற்குள் இலை உதிர்ந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். மூட்டையைத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார்.