பரிசு நாடா பால் தருமா?

(பொல்பிட்டியவில் நடைபெற்ற மாடு வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கொழுந்து நிறுத்து, புல்லுக்கட்டு இறக்கி, மாலைப் பாலைக் கறந்து கொடுத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். விடியுமுன் மீண்டும் மாட்டுப்பட்டிக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே, சுற்றி வளைக்காமல் விஷயத்திற்கு வருவோம்.

நல்ல மாடு எது? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவையே இன்று நம்முன் உள்ள கேள்விகள். கண்காட்சி மைதானத்தில் மாட்டைக் குளிப்பாட்டி, மயிரை வாரி, வட்டமாக நடத்துகிறார்கள். நடுவர் பார்க்கிறார். நேரான முதுகு, அகன்ற இடுப்பு, அழகிய மடி என்று புள்ளிகள் இடுகிறார். முதற்பரிசு பெற்ற மாட்டின் கழுத்தில் நாடா ஏறுகிறது. அதன் கன்றுக்கும் விலை ஏறுகிறது. ஆனால், அந்த மாடு ஐந்தாவது ஈற்றிலும் நோயின்றிப் பால் தருமா, தன் தீனிச் செலவைத் தானே ஈடு செய்யுமா என்பதை அந்த வட்டத்துக்குள் எவரும் காண முடியாது.

நீதிமன்றத்தில் ஒரு சாட்சி, தான் கண்ட அளவுக்கே பேசலாம். காணாததைப் பற்றி அவர் கூறுவதை நீதிபதி ஏற்பதில்லை. கண்காட்சி நடுவரும் ஒரு சாட்சியே. ஒரு பகற்பொழுதில் கண்ட உருவத்தைப் பற்றி அவர் சாட்சி சொல்லட்டும். ஆண்டு முழுவதும் அந்த மாட்டோடு வாழ்கிறவரின் சாட்சியைத் தள்ளிவிட்டு, அவரது சாட்சியை மட்டுமே கொண்டு தீர்ப்பெழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

அயர்ஷயரின் படிப்பினை

இது வெறும் தர்க்கமன்று, சரித்திரம். நமது நுவரெலியா மாவட்டத்து அம்பேவெலப் பண்ணையால் நாம் நன்கு அறிந்த இனம் அயர்ஷயர். ஸ்கொட்லாந்து தேசத்தின் பால்மாடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மாட்டைக் கண்காட்சிக்கென வளர்த்தோர் மடியின் அழகில் மயங்கினர். மடி உடலோடு ஒட்டி, இறுகி, தட்டையாக இருக்க வேண்டும். காம்புகள் சிறியனவாக இருக்க வேண்டும். இதுவே பரிசுக்குரிய இலட்சணமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் காம்பு குறுகிற்று. முடிவு என்ன? கையால் பால் கறக்க வேண்டிய பெண்ணின் விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை! மேடையில் புகழ் பெற்ற மடி, தொழுவத்தில் வேதனையாயிற்று.

அங்கே அதனை எதிர்த்தது கூச்சலன்று, கணக்கு. டென்மார்க்கில் வேயன் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டில் விவசாயிகள் தாமே கூடிப் பால் பதிவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்தனர், கொழுப்பைச் சோதித்தனர், தீனியையும் குறித்தனர். ஸ்கொட்லாந்தில் ஜோன் ஸ்பியர் என்பவரின் முயற்சியால் 1903இல் அயர்ஷயர் மாடுகளுக்கும் அத்தகைய பதிவு தொடங்கிற்று. அதன் பின்னர் மடியின் வடிவத்தை மட்டும் பேசியவர்கள், மடியிலிருந்து வந்த பாலையும் பேசியே ஆக வேண்டியதாயிற்று.

குள்ளக் கன்றுகள்

அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். 1940களிலும் 1950களிலும் அங்கே இறைச்சிக்கு வளர்க்கும் ஹியர்போர்ட், ஆங்கஸ் இனங்களில் குட்டையான, திரட்சியான மாடே அழகு என்று நடுவர்கள் முடிவு கட்டினர். அத்தகைய பொலிகாளைகளைத் தேடித் தேடிப் பரிசளித்தனர். ஆனால், குள்ளத்தன்மையை உள்ளே மறைத்து வைத்திருந்த காளைகள் பலவும் பார்வைக்குச் சற்றே திரட்சியாக இருந்தன. அழகென்று அவர்கள் தேர்ந்தது நோயின் நிழலை! தாய், தந்தை இரண்டிலும் அத்தன்மை மறைந்திருந்தால், பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்று குள்ளமாகும். மூச்சுத் திணறி, வயிறு உப்பி, வளராமலே மடியும். பரிசு வாங்கிய வம்சங்களில் இக்கன்றுகள் பெருகின. பெரும் விலை கொடுத்து அவ்வம்சத்துக் காளைகளை வாங்கிய சாதாரண விவசாயிகளே நட்டத்தைச் சுமந்தனர்.

பின்னர் பாடம் கற்றார்களா? 1970களில் அந்நாட்டு மேடைகள் மறுபுறம் சாய்ந்தன. உயரமே அழகு என்றனர். மாடு நெடிதுயர்ந்தது, தீனிச் செலவும் உயர்ந்தது. குட்டையை அழகென்ற அதே மேடை, ஒரு தலைமுறைக்குள் நெட்டையை அழகென்றது. மாட்டின் பயன் மாறவில்லை. மேடையின் நாகரிகமே மாறிற்று.

இதனால் கண்காட்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடுத்துரைப்பது நமது கடமை. பிள்ளைகள் மாட்டைப் பழக்கக் கற்கிறார்கள். காலும் குளம்பும் உறுதியாக இருக்கின்றனவா, மடி தொங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது சரிவான இம்மலையில் மிகவும் தேவை. நல்ல காலில்லாத மாடு நமது குறுக்குப் பாதையில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது. ஆயினும் இவை தேர்வின் ஒரு பகுதியே. தேர்வு முழுவதும் அன்று.

மலைக்கு மலை வேறு

சுமார் 6,000 அடி உயரத்தில் குளிர்காற்று வீசும் அம்பேவெல எங்கே? கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கீழிறங்கி வரும், புழுக்கமும் அடைமழையும் நிறைந்த நமது பொல்பிட்டிய எங்கே? மாவட்டம் ஒன்றென்பதற்காக மாடும் ஒன்றாக முடியுமா? அங்கே செழிக்கும் பெரிய பிரீசியன் மாடு இங்கே நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் தாமதமாகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பால்மாட்டுக்கு அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் நாள்தோறும் வேண்டும் என்பது பொதுவான அளவு. பிரீசியன் மாடு 600 கிலோ இருந்தால் 60 கிலோ புல். ஜேர்சி மாடு 400 கிலோ இருந்தால் 40 கிலோ. வித்தியாசம் 20 கிலோ. ஓராண்டுக்கு 7,300 கிலோ! அந்த 7,300 கிலோவை ஓடைக்கரையிலும் மலைச்சரிவிலும் அறுத்துக் கட்டிச் சுமப்பது யாருடைய தலை? பகலெல்லாம் கூடையைச் சுமந்த அதே தாயின் தலையன்றோ! அதற்கீடாகப் பால் கூடினால் சரி. கூடாவிட்டால், மாட்டின் பெருமைக்காக ஒரு பெண்ணின் முதுகெலும்பை விலையாகக் கொடுக்கிறோம் என்பதே பொருள்.

2014ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடுகளைத் தருவிக்க அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. 2017இல் 5,000 மாடுகள் வந்து சேர்ந்து வளர்ப்போரிடம் கொடுக்கப்பட்டன. எண்ணிய பால் வரவில்லை என்றும், நோய் வந்தது, மாடுகள் மாண்டன, கடன் மட்டும் நின்றது என்றும் வளர்த்தவர்கள் முறையிட்டனர். பராமரிப்புக் குறையே காரணம் என்று விற்றவர் தரப்பு கூறிற்று. அவை கண்காட்சி மாடுகள் அல்ல, பாலுக்கென்றே வளர்க்கப்பட்டவை. ஆனால், அடிப்படைத் தவறு அதுவே. ஓரிடத்தில் பெற்ற நற்சான்று எல்லா இடத்திலும் செல்லும் என்று எண்ணியதே அத்தவறு. யார் வளர்க்கப் போகிறார், என்ன புல் உண்டு, எத்தனை மைலில் மிருக வைத்தியர் இருக்கிறார் என்று முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

அப்படியானால் பழைய நாட்டு மாடே போதும் என்று சிலர் பெருமை பேசுவர். நம் மூதாதையர் கடல் கடந்து வந்த தமிழகத்தில் காங்கேயம் மாடு உண்டு. வறண்ட பூமியில் ஏர் இழுத்து, வண்டி இழுத்து, உழைப்பால் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் அது. அதன் புகழ் நியாயமான புகழ். ஆனால், அது உழைப்புக்கு வளர்ந்த மாடு, பாலுக்கு வளர்ந்ததன்று. பால் விற்று வாழ வேண்டியவர் அதன் திமிலைக் கண்டு மகிழ்ந்தால் அடுப்பெரியுமா? பிறந்த மண்ணின் பெருமையும், கணக்குப் பாராதபோது, மற்றொரு பரிசு நாடாவே.

நமக்குத் தேவை இடத்துக்கேற்ற மாடு. வெப்பம் தாங்கும் சாஹிவாலும், சிறு உடலில் கொழுப்பு மிகுந்த பால் தரும் ஜேர்சியும் கலந்த மாடு இத்தகைய தாழ்ந்த, வெப்பமான மலைப்புறத்துக்கு ஏற்றது. நோர்வே நாட்டு விவசாயிகளோ 1970களிலிருந்தே பாலின் அளவோடு சினை பிடிக்கும் தன்மையையும் மடிநோய் எதிர்க்கும் தன்மையையும் சேர்த்துப் பார்த்துத் தமது செந்நிற இனத்தை வளர்த்தனர். அதற்குத் துணை நின்றவை, கூட்டுறவில் இணைந்த சாதாரணப் பண்ணைகளின் பதிவேடுகளே. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

இனி, நமது தொழில் சார்ந்த ஒரு வார்த்தை. இந்நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு. வாங்குபவர் தமது தேவை இன்னதென்று விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அத்தகைய பொருளை விற்பதே அவரது தொழிலாகவும் இருந்தால், அப்பொருள் அத்தேவைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அச்சட்டம் ஒப்பந்தத்தினுள் வைக்கிறது. ஆகவே, வியாபாரியிடம் மாடு வாங்குமுன் வாயால் பேசி நிறுத்தாதீர்கள். “பொல்பிட்டியவில் வளர்க்க, கையால் கறக்க, பால் விற்க” என்று எழுதிக் கொடுங்கள். பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு வழக்கும் அதனதன் ஆவணத்தைப் பொறுத்தது. ஆவணமே இல்லாதவருக்கு உண்மை இருந்தும் அதனை நிலைநாட்டுவது அரிது.

நமது கோரிக்கைகள்

முதலாவது: கண்காட்சியில் பரிசு பெறும் ஒவ்வொரு பசுவின் பக்கத்திலும் அதன் பதிவு தொங்க வேண்டும். எத்தனை ஈற்று, ஈற்றுக்கும் ஈற்றுக்கும் எத்தனை மாதம், எவ்வளவு பால், என்ன நோய் என்று அதில் இருக்க வேண்டும். ஐந்து கன்று ஈன்றும் தளராத பசுவுக்குத் தனிப் பரிசு வேண்டும்.

இரண்டாவது: சினை ஊசி போடுமுன், எந்த இனத்துக் காளை, அதன் பெண் கன்றுகள் இந்த உயரத்தில் எப்படிப் பால் தந்தன என்பதை வளர்ப்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: கடனில் கொடுக்கப்படும் மாடு குறித்த காலத்துக்குள் தன் குறையால் மாண்டால், நட்டம் முழுவதையும் ஏழையின் தலையில் கட்டலாகாது. அதற்கான வாசகம் தமிழிலேயே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது: தோட்டங்களில் பயிரின்றிக் கிடக்கும் நிலத்தில் புல் வளர்க்கவும், லயத்துக்கருகே மாட்டுப்பட்டி அமைக்கவும், எழுத்து மூலமான உரிமை வேண்டும். இன்று கொடுத்து நாளை பறிக்கும் வாய்மொழி அனுமதியை நம்பி எவர் நல்ல மாடு வாங்குவார்?

இவை அரசாங்கமும் தோட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. நாளைக் காலையே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். கன்று ஈன்ற நாள், ஊசி போட்ட நாள், காலைப் பால், மாலைப் பால், புண்ணாக்குக்கும் மருந்துக்கும் செலவு ஆகியவற்றைப் பாடசாலை செல்லும் மகனோ மகளோ எழுதட்டும். ஐம்பது வீடுகளில் ஓராண்டு எழுதப்பட்ட ஐம்பது கொப்பிகள் நம்மிடம் இருந்தால், எந்த அதிகாரியின் மேசை முன்னும் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆதாரத்தை விரித்து வைத்துப் பேசலாம்.

1969ஆம் ஆண்டிலிருந்து இதோ நமது பொல்பிட்டிய மின் நிலையம் இயங்குகிறது. அதன் பெருமையைச் சுவரின் வண்ணத்தைக் கொண்டு எவரும் அளப்பதில்லை. அது தரும் மின்சாரத்தைக் கொண்டே அளக்கிறார்கள். இயந்திரத்துக்குக் காட்டும் அந்த நியாயத்தை மாட்டுக்கும், அதை வளர்க்கும் மனிதருக்கும் காட்டுங்கள் என்றே நாம் கேட்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள்!