ஜீப் பிரேக்கும் நம் ரேம்ப்பும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பேஸ்மென்ட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிற பழைய ஜீப் என்னுடையதுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்றார் செயலாளர் சார். பாதி விளக்கம், பாதி மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1968 மாடல் மஹிந்திரா சிஜே-3பி. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். இன்றைய கார்களில் இரண்டு தனி லைன் இருக்கும். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதில் ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றினேன். ஆயில் ஊற்றி மிதித்தால் பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்குகிறது. லைனுக்குள் காற்று. ஆயில் அமுங்காது, நீங்கள் மிதிக்கிற அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். காற்று அமுங்கும். கால் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெடலில் என் மகள், வண்டிக்கு அடியில் நான். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். எங்கள் வண்டியில் அது பின்னால் இடது பக்கம். ப்ளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வைப்போம். அவள் மெதுவாக மிதித்து "பிடிச்சாச்சு" என்பாள். நான் நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். மூடிய பிறகுதான் "விடு" என்பேன். முந்திக் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நடுவில் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதன் மூடியோ ஓட்டுபவர் காலடித் தகட்டுக்குக் கீழே. எங்களுக்கு இரண்டு முறை வற்றியது. மகள் என்னோடு பேசவில்லை.

குமிழி நின்றது. ஆனால் பெடல் முதல் மிதியில் தரை வரை போகும், இரண்டாவது மிதியில் மேலே நின்று கெட்டியாகப் பிடிக்கும். இரண்டு தடவை மிதித்தால் போதுமே என்று வண்டியை வெளியே எடுத்தேன். தப்பு அங்கேதான்.

ரேம்ப் நடுவில் இன்ஜின் நின்றது. வண்டி பின்னால் உருண்டது. மிதித்தேன், பெடல் தரையில். கீழே பிள்ளைகள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. அதை இழுத்தேன், நின்றது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். மன்னித்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம் முதல் மாடி மாமா வந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது மிதிக்கு மேல வந்து கல்லு மாதிரி நிக்குதில்ல? இது காத்து இல்ல தம்பி. ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிக்குது" என்றார். காற்று இருந்தால் எத்தனை தடவை மிதித்தாலும் பஞ்சுத்தன்மை போகாதாம். மிதித்தபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகல், அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர். பெடல் சொல்வதைக் கேட்காமல் நான் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டு ஷூவையும் டிரம்மில் உரசும் வரை நெருக்கி, சக்கரம் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தினோம். இப்போது முதல் மிதியிலேயே பிடிக்கிறது.

உங்கள் கார்களுக்கும் ஒன்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். மலைப்பாதையில் இறங்கும்போது அது கொதித்தால் ஆவி, அப்புறம் அதே பஞ்சு பெடல். அதனால்தான் வண்டியோடு வந்த புத்தகத்தில் ஆயில் மாற்றக் கெடு போட்டிருக்கிறார்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும். பக்கத்து பார்க்கிங் சாருக்கு பம்பர் டச்-அப் செய்து கொடுத்தாயிற்று.

இனி ஜீப்பை சமதளத்தில், விசிட்டர் பார்க்கிங்கில், ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்னால்தான் சோதித்துப் பார்ப்பேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பேன். மகள் ராஜினாமா செய்துவிட்டாள். பெடல் மிதிக்க யாராவது வந்தால் காபி உண்டு.