எந்த மொழியைக் கற்பது? எந்த மொழியிற் கற்பது?

(புதுச்சேரி பெரிய மார்க்கெட் அருகில் நடைபெற்ற தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் ஒருவனை அழைத்து, ‘கணிப்பொறிக்குரிய நிரல்மொழிகளுள் கற்கத் தக்கது எது?’ என்று பேசச் சொன்னால், கேட்பவர்க்கு நகை தோன்றுவது இயல்பே. ஆயினும், நிரல் எழுதும் இளைஞர்கள் இக்கேள்வியை வைத்துக்கொண்டு நாள்தோறும் சொற்போர் நிகழ்த்துகின்றனர். ஒருவர் பைத்தான் போதும் என்கிறார். ஒருவர் சாவாவே சோறு போடும் என்கிறார். மற்றொருவர், சி அறியாதவன் நிரலனே அல்லன் என்கிறார். மொழி என்னும் சொல் அவ்வழக்கில் இடம்பெற்றுவிட்டமையால், மொழியாசிரியனுக்கும் அதிற் பேச உரிமையுண்டு என்று கொண்டு பேசுகின்றேன்.

முதலில் இம்மொழிகளின் பிறப்பைப் பாருங்கள். 1957-இல் அறிவியற் கணக்குகளுக்காகப் போர்ட்ரான் வந்தது. 1959-இல் வணிகக் கணக்குகளுக்கென்று கோபோல் வகுக்கப்படலாயிற்று. 1964-இல் அமெரிக்கக் கல்லூரியொன்றில், கணக்கறியா மாணவரும் பழகட்டும் என்று பேசிக் பிறந்தது. 1970-இல் விர்த்து என்னும் சுவிசு நாட்டுப் பேராசிரியர், நிரலாக்கத்தை ஒழுங்குறக் கற்பித்தற்கென்றே பாசுக்கலைப் படைத்தார். 1972 அளவில் பெல் ஆய்வகத்தில் யூனிக்சு இயங்குதளத்தின் பொருட்டுச் சி உருவாயிற்று. 1991-இல் பைத்தானும், 1995-இல் சாவாவும் சாவாசிகிரிப்டும் வெளிவந்தன.

இவ்வரிசை நமக்கு உணர்த்துவது யாது? ஒவ்வொரு மொழியும் ஒரு வேலைக்கென்று பிறந்தது. இந்த அங்காடியில் பூக்கட்ட நார்; மீன் அரிய அரிவாள்மணை; அரிசி நிறுக்கத் தராசு. இவற்றுள் உயர்ந்தது எது என்று எவரேனும் வழக்காடுவரோ? வேலை எது என்று கேட்டபின் அன்றோ கருவி எது என்று கேட்கவேண்டும்! ஒரு காலத்தில் கல்லூரிதோறும் கோலோச்சிய பாசுக்கல் இன்று அருகிவிட்டது. செத்துவிட்டது என்று பலகால் அறிவிக்கப்பெற்ற கோபோலோ, வங்கிகளின் பழங்கணக்குகளில் இன்றும் உயிரோடு உழைக்கின்றது. ஆகவே, ஒரு நிரல்மொழியின் மேல் காதல் கொண்டு பிறவற்றை இகழ்வது, கருவியின் மேல் பற்றுவைத்து வேலையை மறப்பதாகும்.

அங்ஙனமாயின், மாறும் மொழிகளுக்கிடையே மாறாது நிற்பது எது? சிக்கலைக் கூறுகூறாகப் பிரித்து, முன்பின் முறைப்படுத்தி, ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லும் ஆற்றல். அவ்வாற்றல் எங்கிருந்து வரும்? இதற்கு விடை சொன்னவர் தமிழ்ப்புலவர் அல்லர். தைக்சுதிரா என்னும் ஆலந்து நாட்டுக் கணிப்பொறி அறிஞர், 1975-இல் எழுதிய குறிப்பொன்றில், கணக்கியல் நாட்டத்திற்கு அடுத்தபடியாக, ஒரு நல்ல நிரலனுக்கு இன்றியமையாத செல்வம் தன் தாய்மொழியில் அவனுக்குள்ள மிகச் சிறந்த புலமையே என்னும் கருத்தை அறுதியிட்டுரைத்தார். இளந்தோழர்களே! இதைச் சொன்னவர் மொழிப்போர் மறவர் அல்லர். உலகமே போற்றும் நிரலாக்கப் பேராசான்.

இந்த அங்காடியில் காய் விற்கும் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். ‘ஐந்து கிலோவுக்குமேல் வாங்கினால் கிலோவுக்கு இரண்டு உருபா குறைப்பேன், இல்லையென்றால் முழு விலை’ என்கிறாள். இது நிரலன்றி வேறென்ன? கட்டுப்பாடு உண்டு, இருவழிப் பிரிவு உண்டு, முடிவு உண்டு. அவள் எந்த நிரல்மொழியும் கற்றவளல்லள். தமிழிற் சிந்தித்தாள், தமிழிற் கணித்தாள், பிழையின்றிச் சில்லறை கொடுத்தாள். அவள் மகன் பள்ளியில் இதே கணக்கை நிரலாக எழுதும்போது மட்டும் ஏன் தடுமாறுகின்றான்? கணக்குப் புரியாமலா? அன்று. கணக்கை விளக்கும் மொழி புரியாமையால்!

இங்கே நம் இயக்க நண்பர்கட்கும் ஒன்று சொல்லவேண்டும். நிரல்மொழியின் ஆங்கிலச் சொற்களை மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் கருதுகின்றனர். 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியின் ஒதுக்கச் சொற்கள் 32 மட்டுமே. இன்றைய பைத்தானுக்கு 35. இவற்றை எந்த மாணவனும் ஒரு கிழமையில் மனப்பாடம் செய்துவிடுவான். அவனை வருத்துவன அவையல்ல. பாடநூலின் விளக்கம், ஆசிரியரின் உரை, பிழை நேர்ந்தவிடத்துப் பொறி காட்டும் செய்தி, ஐயம் தீர்க்கும் நூல் ஆகிய இவையனைத்தும் அயன்மொழியில் இருப்பதே அவனை வருத்துகின்றது. முப்பத்தைந்து சொற்களுக்குப் பின்னால் முப்பத்தையாயிரம் சொற்கள் நிற்கின்றன. தமிழாக்க வேண்டியது அந்தப் பெரும்பரப்பை!

பிற நாட்டார் என் செய்தனர்? இவ்வூரை 1954 வரை ஆண்ட பிரஞ்சுக்காரரையே பார்ப்போம். 1955-இல் கணிப்பொறிக்குப் பெயரிட வேண்டியபோது, பிரான்சிலிருந்த ஐ.பி.எம். குழுமம் யாரை நாடியது? பெரே என்னும் இலத்தீன் மொழிப் பேராசிரியரை. அவர் ‘ஒர்தினாத்தேர்’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தார். இன்றுவரை அந்நாட்டார் வாயில் அச்சொல்லே வழங்குகின்றது. 1970-களில் தம் மேனிலைப் பள்ளிகளில் நிரலாக்கம் புகுத்தியபோது, பிரஞ்சுச் சொற்களாலேயே அமைந்த எல்.எசு.இ. என்னும் நிரல்மொழியை வகுத்துக் கற்பித்தனர். உருசியர், 1985-இல் கணிப்பொறியியலைப் பள்ளிப்பாடமாக்கியபோது, எர்சோவ் என்னும் அறிஞர் வழிகாட்ட, உருசியச் சொற்களாலான பள்ளி நிரல்மொழியைக் கொண்டே தொடங்கினர். எல்.எசு.இ. நாளடைவில் வழக்கிழந்தது உண்மையே. ஆனால், அம்மொழியிற் பயின்ற மாணவன் தன் முதல் நிரலைத் தன் தாய்மொழியில் எண்ணினானே, அந்தப் பயன் வழக்கிழக்கவில்லை!

தமிழில் இது கூடுமா என்று கேட்பவர்க்கு விடை ஆயத்தமாக உள்ளது. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2008-இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பில், மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். ‘விலை’, ‘எடை’, ‘கழிவு’ என்று எழுதினால் பொறி மறுக்காது. எழுதத்தான் நாம் நாணுகின்றோம்! முத்தையா அண்ணாமலை என்னும் தமிழர் 2007-இல் தொடங்கி உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி, 2013-இல் திறந்த மூலமாக யாவர்க்கும் வழங்கப்பட்டது. அதில் அச்சிடப் ‘பதிப்பி’, செயற்கூறு ‘நிரல்பாகம்’, விடையைத் திருப்பித் தரப் ‘பின்கொடு’, முடிக்க ‘முடி’.

இதில் இலக்கண ஆசிரியன் மகிழத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ஐயச்சொல் முன்னே வரும். கட்டுப்பாடு பின்னே வரும். எழில் மொழியிலோ கட்டுப்பாட்டை முதலில் எழுதி, அதன்பின் ‘ஆனால்’ என்று எழுதுகின்றோம். ‘வாங்கினால்’ என்று அந்தத் தாய் சொன்னாளே, அதே வரிசை! சொற்களை மட்டும் பெயர்க்காமல் தொடரமைப்பையும் தமிழியல்புக்கு இயைய வைத்த செயல் இது. எழிலைக் கற்றால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். அது வேலைக்கான மொழியன்று, தொடக்கத்திற்கான மொழி. நடைவண்டியில் யாரும் ஊர்ப்பயணம் போவதில்லை. ஆனால் நடைவண்டி பிடித்தே நடை பழகினோம்.

இனி நம் ஊரின் நிலைக்கு வருவோம். நெடுங்காலம் புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலோ 11-ஆம் வகுப்புக்குச் சி++ பாடமும், 12-ஆம் வகுப்புக்குப் பைத்தான் பாடமும் தமிழிலேயே நூலாக அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் 2023-24 கல்வியாண்டு முதல் இங்குள்ள அரசுப் பள்ளிகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாற்றப்படலாயின. கையிலிருந்த தமிழ்நூலும் நம் பிள்ளைகளை விட்டு விலகியது. அவ்வாரியமே 2023 சூலையில், இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டிருக்கின்றது. கதவு தாழிடப்படவில்லை, தள்ளித் திறக்கத்தான் ஆளில்லை! அரசுப் பள்ளியிற் பயிலும் ஏழைப் பிள்ளை, அறிவிருந்தும் மொழித்தடையால் இத்துறையை விட்டு ஒதுங்குவானாயின், அந்த இழப்பு யாருடையது? அவன் குடும்பத்தினுடையது, அதன்பின் நம் இனத்தினுடையது.

இவ்வங்காடியை ஒட்டிச் செல்லும் தெரு அரங்கப்பிள்ளையின் பெயர் தாங்கி நிற்கின்றது. துய்ப்ளே காலத்தில் பிரஞ்சுக்காரர்க்கு இருமொழியாளராகப் பணிபுரிந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அயன்மொழி கற்றார், அதனால் பொருளும் புகழும் பெற்றார். ஆனால் 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை, தாம் கண்டதையும் கேட்டதையும் எந்த மொழியில் எழுதிவைத்தார்? தமிழில்! அவர் நடை பிறமொழிச் சொல் விரவிய நடைதான். எனினும் எண்ணம் தமிழில் ஓடிற்று. பிழைப்புக்கு ஒரு மொழி, நினைப்புக்குத் தாய்மொழி என்னும் நெறியை இம்மண்ணிலேயே ஒருவர் நடந்து காட்டியிருக்கின்றார்.

ஆகவே இளந்தோழர்களே, ‘எந்த மொழியைக் கற்பது?’ என்னும் உங்கள் கேள்விக்கு என் விடை இது. எழிலிலோ தமிழ் விளக்கத்துடன் கூடிய பைத்தானிலோ தொடங்குங்கள். பொறியின் உள்ளியக்கம் அறியச் சி கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் உங்கள் தொழில் எதைக் கேட்கின்றதோ அதைக் கற்றுத் தேறுங்கள். ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள்; கற்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் கற்ற ஒவ்வொன்றையும் உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் நல்ல தமிழில் எழுதித் தாருங்கள். ஆசிரியப் பெருமக்களே! வகுப்பில் நிரலை முதலில் தமிழில் சொல்லச் செய்து, பிறகு பொறியில் எழுதச் செய்யுங்கள். பெற்றோர்களே! உங்கள் பள்ளியில் கணிப்பொறிப் பாடம் எந்த மொழியில் நடக்கின்றது என்று நாளையே சென்று கேளுங்கள். தமிழில் விளக்கவேண்டும் என்று எழுத்தாலே வேண்டுகோள் கொடுங்கள்.

நிரல்மொழிகள் வரும், போகும். அவற்றையெல்லாம் கற்கும் உள்ளம் தமிழில் தெளிந்திருக்குமாயின், எதுவும் நமக்கு அயன்மொழியாகாது. வெல்க தமிழ்!