பணம் அட்டையில் ஏறிவிட்டதா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிற மாகறல்தான் என் ஊர். திருமாகறலீஸ்வரர் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பேருந்தில் ஏறினால் நடத்துநரின் முதல் கேள்வி, "சில்லறை இருக்கா?" என்பதுதான். அப்படிப் பழகிய நான், மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போனேன். அங்கே அவள் ஒரு அட்டையை என் கையில் கொடுத்து, "இதைத் தட்டினா போதும்ப்பா" என்றாள்.

தட்டித்தான் ஏறினேன். இறங்கும்போது மறந்துவிட்டேன். அங்கே பேருந்தில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். இல்லையென்றால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் கழிந்துவிடும். தவறு என்னுடையதுதான். ஆனால் அட்டையில் மீதி எவ்வளவு என்பதை அந்தக் கருவி காட்டியதால்தான் விஷயமே எனக்குப் புரிந்தது.

மீதியைக் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயம் இல்லைங்க. சிங்கப்பூரில் ஈஸி-லிங்க் அட்டை 2002-இல் வந்தது. பழைய வகை அட்டைகளை நிறுத்தப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். புதிய முறையில் நுழைவாயிலில் மீதித்தொகை தெரியாது என்று மக்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். அதே மாதத்தில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது.

இப்போது நம்மிடமும் 'சிங்காரச் சென்னை அட்டை' இருக்கிறது. 2023 ஏப்ரல் 14 அன்று சென்னை மெட்ரோவில் அறிமுகமானது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் வந்தது. இது தேசியப் பொதுப் பயண அட்டை வகையைச் சேர்ந்தது. அதனால் பெங்களூரு, டெல்லி மெட்ரோவிலும் இதே அட்டையைத் தட்டலாம்.

ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். நம்ம ஊர்க்காரர் ஒருவர், அம்மாவைச் சென்னையில் மருத்துவரிடம் காட்ட அழைத்துப் போகிறார். காஞ்சிபுரத்தில் ரயில் ஏறி, வழியிலேயே போனில் 300 ரூபாய் ரீசார்ஜ் செய்கிறார். "பணம் செலுத்தப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்குப் போனால் கதவு திறக்கவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, டாக்டர் நேரம் போகிறது. பணம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. கதவு வங்கிக் கணக்கைப் பார்ப்பதில்லை. அட்டையின் சிப்பில் பதிவான தொகையை மட்டும்தான் பார்க்கும். போனில் போட்ட பணத்தைச் சிப்புக்குள் ஏற்ற, நிலையத்தின் கவுன்டரிலோ அதற்கான இயந்திரத்திலோ அட்டையை ஒருமுறை வைத்து 'அப்டேட்' செய்ய வேண்டும். அவசரப் பயணத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நேரமில்லை என்றால் கவுன்டரிலேயே நேரடியாக ரீசார்ஜ் செய்துகொள்ளலாம்.

இன்னும் சிலவற்றை மனதில் வையுங்கள். ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும். அம்மாவுக்குத் தனி அட்டை வேண்டும், அல்லது வாட்ஸ்அப்பில் கியூஆர் டிக்கெட் எடுங்கள். மெட்ரோவில் நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். மாநகரப் பேருந்தில் இறங்கும் இடத்தை நடத்துநரிடம் சொல்லி, அவர் நீட்டும் கருவியில் ஒருமுறை தட்டினால் போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அங்கே அட்டையை நீட்டவே வேண்டாம்.

சிப்பில் 2,000 ரூபாய் வரை வைக்கலாம். ஆனால் தட்டும்போது பின் எண் கேட்காது. அட்டை தொலைந்தால், எடுத்தவர் அந்தப் பணத்தில் பயணம் செய்யலாம். எனவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.

மகள் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பயணம் முடிந்ததும் மீதியைப் பார்த்துவிட்டுத்தான் அட்டையைப் பையில் போடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.