உட்கார்ந்தால் எண்பது, நடந்தால் இருநூறு!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே!

‘அலுவலகம் போகும் இளைஞருக்கு உடல்நலம் தருவது உடற்பயிற்சிக் கூடமா? அன்றாட நடமாட்டமா?’ எதிரணித் தலைவர் தினம் ஒரு மணி நேரம் வேர்வை சிந்தச் சொன்னார். நல்லதுங்க, வேண்டாம்னு நான் சொல்லல. மீதி இருபத்துமூணு மணி நேரத்துக்குக் கணக்கு எங்கேன்னுதான் கேக்குறேன்! (கைதட்டல்)

கணக்கு இருக்குது, நடுவர் அவர்களே. மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு முகமூடியை மாட்டி, மூச்சில் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகுதுன்னு அளக்கிறார்கள். ஒரு லிட்டர் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி. அப்படிப் பார்த்தால், 60 கிலோ எடையுள்ள பையன் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சுமார் 80 கலோரி. அதே ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்தால் சுமார் 200! சரி, எழுந்து சும்மா நின்னா? மணிக்கு ஒன்பது, பத்து கலோரிதான் கூடும். நின்னா மட்டும் பத்தாது ஐயா, கால் நகரணும்!

“தண்ணி எடுக்கப் போறதெல்லாம் ஒரு பயிற்சியா?”ன்னு எதிரணி அம்மா கேலி பண்ணினாங்க. அவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 25 முதல் 36 வயது வரை 16 பேர். எட்டு வாரம், தினமும் 1000 கலோரி கூடுதல் சாப்பாடு. தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு மாமியார் போடுற மாதிரி! (சிரிப்பு) தனியாக உடற்பயிற்சியைக் கூட்டக் கூடாது. முடிவு என்ன? ஒருத்தருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறல. இன்னொருத்தருக்கு நாலு கிலோவுக்கு மேலே! கூடுதல் சாப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் எங்கே? நிற்பது, நடப்பது, நெளிவது என்று அன்றாட அசைவில்! தம்மை அறியாமலே அதில் ஒருவர் தினம் 690 கலோரி வரை கூடுதலாகச் செலவழித்திருந்தார்.

1953-இல் லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் இரண்டடுக்குப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒரே புகை. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவரைவிட, படியேறி இறங்கிய கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு! அவர் உடம்பைக் குறைக்கவா ஏறினார்? டிக்கெட் கொடுக்க ஏறினார் ஐயா! (கைதட்டல்)

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆபீசில் நாற்காலி, போக வர வண்டியில் இருக்கை, வீட்டுக்கு வந்தால் சோபா. அங்கேயும், “நீ உட்காருப்பா, களைச்சுப் போய் வந்திருக்கே”ன்னு காபியைக் கையில கொண்டு போய்க் கொடுக்கிறோம். தட்டையும் நாமே எடுக்கிறோம். அது பாசம்தான். ஆனா அந்தப் பாசம் பிள்ளையோட நடையைப் பறிக்குது. அவன் களைச்சது மூளையில. கால் இன்னும் வேலையே ஆரம்பிக்கல!

கடைக்கு அனுப்புங்கள். மாடித் துணியை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு மணி நேர நடை, நாளெல்லாம் சிதறிக் கிடந்தாலும், உட்கார்ந்திருப்பதைவிட 120 கலோரி கூடுதல். அதற்குச் சந்தா கிடையாது, லீவும் கிடையாது.

ஆகவே, ‘அன்றாட நடமாட்டமே’ என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.