வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி: பராமரிப்பும் பழுது அறிதலும்

(கொரட்டூரில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரும் சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவன் உரத்தைப் பற்றியோ களையைப் பற்றியோ பேசாமல் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொரட்டூர் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலங்கள் வீட்டுமனைகளாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்குத் திருவள்ளூர்ப் பக்கமோ பூந்தமல்லிப் பக்கமோ இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பாலும் தோசை மாவும் மட்டுமா இருக்கின்றன? கோழிக்குப் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, முட்டை ஒட்டுண்ணி அட்டை, அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்த காய்கறி விதை, வீட்டுப் பெரியவருக்கான இன்சுலின் எல்லாம் அதற்குள்தான். பெட்டி ஒரு நாள் நின்றால் கெடுவது பால் மட்டும் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி சரியாகக் குளிரவில்லை என்றதும், வந்து பார்ப்பவர் சொல்லும் முதல் வார்த்தை "கேஸ் போயிடுச்சு" என்பதுதான். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகிறது. என் உறவினர் ஒருவர் வீட்டில் ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் நிரப்பினார்கள். கடைசியில் பார்த்தால், கதவு ரப்பர் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. ஆகவே, மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்பு நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை எவை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரை மேலே இறைப்பது போன்ற வேலைதான் இது. கம்பிரசர் பம்புசெட்டைப் போன்றது. குழாய்க்குள் ஓடும் கேஸ், வெப்பத்தைச் சுமந்து வரும் சால் போன்றது. மயிரிழை போன்ற மெல்லிய குழாய் வழியே திரவமாக வரும் அது, ஃப்ரீசரைச் சுற்றியுள்ள அகன்ற குழாயில் நுழைந்ததும் ஆவியாகி உள்வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்க்கு அனுப்ப, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. இறைத்த தண்ணீர் ஓட வாய்க்கால் வேண்டும் அல்லவா? அதுபோல இந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். பெட்டியில் வரும் தொல்லைகளில் பாதி, இந்த வழி அடைபடுவதால் வருவதே.

பழைய பெட்டிகளில் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை ஒன்று இருக்கும். அதில் ஒட்டடையும் தூசியும் கம்பளி போலப் படிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். புதிய பெட்டிகளில் இந்தக் குழாய் பக்கச் சுவர்களுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் பக்கங்கள் சுடுகின்றன. அது பழுது அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். சுவருக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் இடையே ஒரு சாண் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். சின்ன வீட்டில் அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே பெட்டியை நெருக்கி வைத்துவிட்டு, மே மாதத்தில் குளிரவில்லை என்று சொன்னால் அது பெட்டியின் குற்றம் ஆகாது.

அடுத்தது கதவு ரப்பர். வரப்பில் நண்டு வளை இருந்தால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வயலில் நிற்காது. இதுவும் அப்படியே. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். பல வீடுகளில் ரப்பர் கெட்டே இருக்காது, மாவும் எண்ணெயும் ஒட்டிக் கெட்டியாகி இருக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து துடைத்தால் போதும். பெட்டியின் முன்கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும்.

இனி கேஸ் விஷயத்துக்கு வருவோம். இது மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. டீசலைப் போலத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, மதகை அடைக்காமல் ஏரியை நிரப்பப் பார்ப்பதைப் போன்றது. உண்மையாகவே கேஸ் போயிருக்கிறதா என்பதை நீங்களே ஓரளவு அறியலாம். கம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பின் வலையையோ பக்கச் சுவரையோ புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் ஓடுகிறது. கம்பிரசர் ஓடியும் வலை குளிர்ந்தே கிடந்தால் சந்தேகப்படலாம். ஒற்றைக் கதவுப் பெட்டியில் இன்னோர் அடையாளமும் உண்டு. ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தடித்துப் படிந்திருந்தால், கதவு சரியாக மூடவில்லை அல்லது குளிர் திருகு அதிகமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. இரண்டு கதவுள்ள, பனி படியாத வகையில் மேலே குளிர்ந்து கீழே குளிரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் விசிறி நின்றிருக்கும், அல்லது காற்று வழியைப் பனி அடைத்திருக்கும். அதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை.

நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால், எந்த கேஸ் என்று பெட்டியின் பின்புறச் சீட்டைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 என்பது ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது உலகெங்கும் கைவிடப்பட்டது. பின்னர் ஆர்-134ஏ வந்தது. இப்போது பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ. இது ஐசோபியூட்டேன், சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்தது. தீப்பற்றக்கூடியது. ஆகவே அடுப்படியில் வைத்து, பழைய கேஸை வெளியேற்றிய கையோடு பற்றவைப்புத் தீயை மூட்டுபவரிடம் பெட்டியை ஒப்படைக்க வேண்டாம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிரப்புவதும் கூடாது. ஓட்டையை அடைத்து, வடிகட்டியை மாற்றி, பம்பு வைத்துக் குழாயை வெற்றிடமாக்கி, தராசில் நிறுத்துத்தான் நிரப்ப வேண்டும். இவற்றைச் செய்வீர்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கத் தெரிந்தவர் வீட்டில் வேலையும் ஒழுங்காக நடக்கும்.

ஓட்டை விழுவதற்கு நாமே செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. கத்தியால் பனியைக் கொத்துவதுதான் அது. ஃப்ரீசர் தகடு மெல்லிய அலுமினியம். பனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் பனி நீக்கும் பொத்தானை அழுத்துங்கள், அல்லது பெட்டியை நிறுத்தி ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். தானே கழன்று விழும்.

மின்னழுத்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வோல்டேஜ் குறைந்து மோட்டார் காயில் எரிந்து, செலவு செய்து மறுபடி சுற்றியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கம்பிரசருக்குள் இருப்பதும் மோட்டார்தான். ஆனால் அது இரும்புக் கூட்டுக்குள் அடைத்துப் பற்றவைக்கப்பட்டது. எரிந்தால் கம்பிரசரையே மாற்ற வேண்டும். பெட்டி "உம்" என்று முனகி, சில விநாடியில் "டக்" என்று நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே செய்தால், ஒன்று வோல்டேஜ் போதவில்லை, அல்லது ஸ்டார்ட் ரிலே கெட்டிருக்கிறது. உடனே நிறுத்திவிடுங்கள். ரிலே விலை குறைந்த பொருள், கம்பிரசர் அப்படி அல்ல. மின்சாரம் போய்த் திரும்பியதும் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடவேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும்போது மோட்டாரால் கிளம்ப முடியாது. மெல்லிய குழாய் வழியே அழுத்தம் சமமாகச் சில நிமிடம் ஆகும். காலம் தாழ்த்தி இணைக்கும் ஸ்டெபிலைசர் இதைத் தானே கவனித்துக்கொள்ளும். லைனின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு அது அவசியம். மூன்று முனைப் பிளக்கும் சரியான எர்த்தும் இல்லாத வீட்டில், ஈரக் கையோடு கதவைத் திறக்கும் குழந்தைக்கு ஆபத்து.

காய்கறித் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கினால், பின்சுவரில் உள்ள வடிகால் துளை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றித் தூர் எடுங்கள். அந்த நீர் போய்ச் சேரும் தட்டு கம்பிரசருக்கு மேலே இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் சுகமாக முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால், வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள்.

உள்ளே வைப்பதிலும் முறை உண்டு. கீழ்ப்பகுதி 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கவேண்டும். தடுப்பு மருந்துக்கும் இன்சுலினுக்கும் 2 முதல் 8 டிகிரி. கதவுப் பலகையில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும், ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். நடுத்தட்டே நல்லது. உறைந்த இன்சுலினும் உறைந்த கோமாரித் தடுப்பூசியும் பயன்படா. தக்காளி, கத்தரி, வாழைப்பழம் ஆகியவற்றுக்குப் பெட்டி தேவையில்லை, குளிர் தாங்காமல் கெட்டுப்போகும். விதையை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள். டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் விதையில் ஈரம் வேர்க்காது. பூச்சிமருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றிய மருந்தைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிட்டால் பிறகு என்ன செய்வது?

கடைசியாக வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் இந்த ஊர்த் தெருக்களில் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்தீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் ஃப்ரீசரில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி உறைய விடுங்கள். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ். மின்சாரமே இல்லாத அந்தக் காலத்தில் பனிக்கட்டியைக் காத்தது மரத்தூள் பொதியும் மூடிய கதவும்தான். அதே முறையில் உங்கள் பெட்டியும், கதவைத் திறக்காமல் விட்டால், கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரமும் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரையிலும் குளிர் காக்கும். நம் வெயிலில் இதைவிடக் குறைவாகவே கணக்கிடுங்கள். அதற்கு மேல் மின்சாரம் இல்லையென்றால் பால், இறைச்சி, மாவு எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கொட்டிவிடுங்கள். கோழித் தடுப்பு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிக் கேட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

தண்ணீர் ஏறும் முன் பெட்டியை உயரமான பலகையில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் கம்பிரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். படுக்க வைக்க நேர்ந்தால், நிமிர்த்திய பிறகு ஓர் இரவு விட்டுப் போடுங்கள். கம்பிரசர் வரை தண்ணீர் ஏறிவிட்டால், வெளியே காய்ந்து தெரிகிறதே என்று பிளக்கைச் சொருகாதீர்கள். ரிலேயையும் கம்பிகளையும் கழற்றிக் காயவைத்து, மின்கசிவு இல்லை என்று மின்பணியாளர் சோதித்த பிறகே போடவேண்டும். வெள்ள நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அது பட்ட உணவு மூடிய டப்பாவில் இருந்தாலும் வேண்டாம். உட்பக்கத்தைச் சோப்பு நீரால் கழுவி, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து, ஒரு நாள் முழுவதும் கதவைத் திறந்து வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.